ரெண்டுங்கெட்டான் ஊர்

இணையத்தில் 'தேவாரம்' என்று தேடினால் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் வரிசையாக வந்து நிற்பார்கள். எங்க ஊர் வருவதற்குக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது சொந்த ஊர் கேட்டால் "கம்பத்துக்கும் போடிக்கும் நடுவுல" என்பேன். அதுவும் பிடிபடவில்லை என்றால், "இளையராஜா ஊர் பண்ணைப்புரம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று முடித்துக்கொள்வேன்.

கொஞ்ச நாள் முன்பு அம்மாவுக்காக ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். முகவரிக்குக் கீழே 'கிராமப்புறம்', 'நகர்ப்புறம்' என்று இரண்டு வட்டம். ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகும். போனில் அம்மாவிடம் கேட்டேன்.

"இதுல என்னத்தடா டவுனு? ஆடு வாசல்ல நிக்கிது. கிராமம்னே போடு."

பின்னாலிருந்து அப்பா குரல். "பேரூராட்சிடா. நகர்ப்புறம்னு போடு, இல்லாட்டி திருப்பி அனுப்பிருவாங்க."

அப்பா சொன்னது சட்டப்படி சரி. அம்மா சொன்னது கண்ணால் பார்த்தது. இரண்டும் ஒரே ஊரைப் பற்றித்தான் என்பது அன்றைக்கு உறுத்தியது. எங்க ஊரைக் கிராமம் என்றோ நகரம் என்றோ யார், எப்போது முடிவு செய்தார்கள்? அதனால் யாருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

*

கதை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்குகிறது. 1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தன் தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளூர் வேலையை உள்ளூர் ஆட்களே பார்க்கட்டும், அதன் மூலம் அவர்கள் அரசியல் பழகட்டும் என்பது அதன் சாரம். இரண்டு வருஷத்தில் மதராஸ் மாகாணத்தில் 1884ஆம் ஆண்டு உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. நகராட்சி ஆகும் அளவுக்கு இல்லாத, ஆனால் சாதாரணக் கிராமத்தைவிடப் பெரிய ஊர்களை அந்தச் சட்டம் 'யூனியன்' என்று வகைப்படுத்தியது. தெருவிளக்கு, சாக்கடை, கிணறு, குப்பை இவைதான் யூனியனின் வேலை. செலவுக்கு வீட்டுவரி.

அதாவது கிராமமும் இல்லை, நகரமும் இல்லை என்ற மூன்றாவது வகை அன்றைக்கே பிறந்துவிட்டது. பேரூராட்சிக்கு அதுதான் பாட்டன்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1958ஆம் ஆண்டு மதராஸ் ஊராட்சிகள் சட்டம் இந்த மூன்றாவது வகைக்கு ஓர் அளவுகோல் வைத்தது. மக்கள்தொகை 5,000க்குக் குறையாமலும், ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறையாமலும் இருந்தால் அது நகரப் பஞ்சாயத்து. இந்த அளவுகோலில் கவனிக்க ஒன்று உண்டு. ஊரில் எத்தனை பேர் விவசாயம் பார்க்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஓர் இடத்தைத் தன் கணக்கில் நகரம் என்று எடுத்துக்கொள்ள, அங்கே வேலை பார்க்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்கிறார்களா என்று பார்க்கும். ஆனால் மாநிலச் சட்டம் ஏற்கெனவே பேரூராட்சி என்று அறிவித்துவிட்ட ஊரிடம் அந்தக் கேள்வியே கிடையாது. காடு கரையை நம்பி வாழ்கிற ஊர்கூடத் தலை எண்ணிக்கையாலும் வரி வசூலாலும் நகரமாகிவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. தேனி மாவட்டத்தில் நகராட்சிகள் 6, பேரூராட்சிகள் 22. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் எல்லாம் இந்த 22ல் சேர்த்தி.

1981இல் பேரூராட்சிகளுக்கெனத் தனி இயக்குநரகம் வந்தது. அதோடு கிராம ஊராட்சிகளோடு இருந்த பங்காளி உறவு முறிந்தது. 1993 ஜூன் 1 அன்று 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரிவினை முழுமையானது. அந்தத் திருத்தம் எங்க ஊர் மாதிரியான இடங்களுக்கு வைத்த விளக்கம், 'கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி'. படித்தபோது சிரிப்பு வந்தது. 1884இல் இருந்து இந்த வகை ஊர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன.

அதன் பிறகு தமிழ்நாட்டில் பேரூராட்சிகளை 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சட்டம் 2023 ஏப்ரல் 13 வரை உயிரோடு இருந்தது. மென்பொருள் வேலையில் யாரும் தொடப் பயப்படுகிற பழைய நிரல் ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கும். ஒட்டுப் போட்டுப் போட்டு ஓட்டுவோம். நான் பார்த்ததில் எதுவும் 103 வருஷம் ஓடியதில்லை.

*

இந்த வரலாற்றிலேயே எனக்கு விசித்திரமாகப் பட்டது 2004இல் நடந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம் தமிழக அரசு 561 பேரூராட்சிகளை ஒரே மூச்சில் 'சிறப்புச் சிற்றூராட்சி' என்று மாற்றியது. ஊரில் ஒரு கல்கூட நகரவில்லை. காரணம் பணம். டெல்லியிலிருந்து கிராமப்புற வளர்ச்சிக்கென்று வரும் நிதி நகரம் என்று பெயர் வைத்த ஊருக்குக் கிடைக்காது. பெயரை மாற்றினால் கிடைக்கும். நியாயமான கணக்குதான். 2006இல் ஆட்சி மாறியது. ஜூலை மாதமே அவை எல்லாம் திரும்பவும் பேரூராட்சி ஆயின.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. 2005இல் நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை, அதாவது நூறு நாள் வேலைச் சட்டத்தை, நிறைவேற்றியது. 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் 6 மாவட்டம், பிறகு 4. தேனிக்கு அது வந்து சேர்ந்தது 2008 ஏப்ரலில். ஊரகத்துக்கு மட்டுமே என்பதால், இரண்டு வருஷத்துக்கு முன்பே பெயர் மாறிவிட்ட பேரூராட்சிகளுக்கு வாசல் சாத்தியிருந்தது.

எங்க பெரியம்மா பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வாக்கப்பட்டவர். அம்மாவும் அவரும் சின்ன வயசில் ஒரே காட்டில் களை எடுத்தவர்கள். பெரியம்மாவுக்கு நூறு நாள் வேலை அட்டை கிடைத்தது. அம்மாவுக்கு இல்லை. "அவ ஊருக்கு மட்டும் என்னடா, எனக்கு ஏன் இல்ல?" என்று அம்மா அப்போது கேட்டபோது நான் பொறியியல் கல்லூரியில் இருந்தேன். தெரியாது என்றேன். இப்போது தெரிகிறது: 2006 ஜூலையில் வந்த ஓர் அரசாணை.

இப்படிச் சொல்வதால் பேரூராட்சி என்பதே தண்டம் என்று அர்த்தமில்லை. அப்பாவைக் கேட்டால் பட்டியல் போடுவார். தனி அலுவலகம், செயல் அலுவலர், துப்புரவுப் பணியாளர்கள், தண்ணீர் திறந்துவிட ஆள். சின்னக் கிராம ஊராட்சிக்கு இவ்வளவு கைகள் கிடையாது. அது உண்மை. ஆனால் அதற்கு விலையும் உண்டு. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்துவரி உயர்ந்தபோது, வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை என்ற உயர்வு பேரூராட்சிகளுக்கும் சேர்த்துத்தான் வந்தது. வரி என்று வந்தால் நாங்கள் சந்தேகமே இல்லாமல் பட்டணத்துக்காரர்கள்.

*

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு வித்தியாசம். அதைப் புரிந்துகொள்ள எங்களுக்குப் பக்கத்துப் பொட்டிப்புரத்தைப் பார்க்க வேண்டும். அது கிராம ஊராட்சி.

பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய், மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. வழக்குகள், பசுமைத் தீர்ப்பாயம், ஆதரவு, எதிர்ப்பு என்று அந்தக் கதை நீளமானது. நான் எந்தப் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. என் கேள்வி சின்னது. ஒரு பொட்டிப்புரத்துக்காரர் இதைப் பற்றி, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ, அரசாங்கக் காகிதத்தில் பதிவாகும்படி பேச ஓர் இடம் உண்டா? உண்டு. கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 அன்று கூடும். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் போதும், உறுப்பினர்தான். எழுந்து நின்று பேசலாம், கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். அந்தத் தீர்மானத்துக்கு எவ்வளவு எடை என்பது வேறு பேச்சு. பேச இடம் இருக்கிறது.

அதே மலையைத் தினமும் பார்க்கிற தேவாரத்துக்காரருக்கு அந்த இடம் கிடையாது. கவுன்சிலரிடம் சொல்லலாம், மனு எழுதலாம், அவ்வளவுதான். அரசியல் சட்டம் நகர்ப்புறத்துக்கு வார்டு குழுக்களைக் கட்டாயமாக்குவது 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும். பெரிய நகரத்துக்கு வார்டு குழு, சின்னக் கிராமத்துக்குக் கிராம சபை. நடுவில் இருக்கிற எங்களை இரண்டு பக்கமும் மறந்துவிட்டார்கள்.

கவுன்சிலராவது எப்போதும் இருந்தாரா? தமிழ்நாட்டில் இந்த ஊர்களுக்குத் தேர்தல் நடந்த வருஷங்களைப் பாருங்கள்: 1970, 1986, 1996, 2001, 2006, 2011, 2022. 52 வருஷத்தில் 7 தேர்தல். ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பேரூராட்சி மன்றங்களுக்கு வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் நடந்துவிட்டது. ஆகவே கொரோனா வந்தபோது பொட்டிப்புரத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தார். தேவாரத்தில் வார்டு உறுப்பினர்கூட இல்லை. ஊரடங்கு காலத்தில் என் தெருவில் யாருக்காவது அரிசி இல்லை என்றால், ஓட்டுக் கேட்டு வந்த முகம் என்று போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

கிராமங்கள் மட்டும் தப்பித்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அடுத்த தேர்தல் வருவதற்குள் அங்கேயும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள்.

*

எங்க ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. அந்தப் பக்கம் இடுக்கி. ஏலத்தோட்ட வேலைக்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து விடியக் காலையில் ஜீப் ஏறிப் போகிறவர்கள் ஏராளம். சாக்குலூத்து மெட்டு வழியாக மேலே சாலை வேண்டும் என்பது எங்க பக்கத்து மக்களின் பழைய கோரிக்கை.

மேலே நெடுங்கண்டம் போனால் பஸ் ஸ்டாண்டு, நகைக்கடை, துணிக்கடை என்று கடைவீதி நெரியும். எங்க அப்பா அளவுகோலில் அது பெரிய டவுன். சட்டப்படி அது கிராம ஊராட்சி. கேரளத்தில் பேரூராட்சி என்ற வகையே கிடையாது. கிராம ஊராட்சி, இல்லையென்றால் நகராட்சி, மாநகராட்சி. அங்கே கிராம சபை ஊருக்கு ஒன்று அல்ல, வார்டுக்கு ஒன்று. தேயிலை விலைக்கும் ஏலக்காய் விலைக்கும் அவர்களும் நாங்களும் ஒரே மாதிரி கவலைப்படுகிறோம். ஒரு மலைதான் நடுவில். அந்தப் பக்கம் வார்டுக்கு ஒரு சபை, இந்தப் பக்கம் ஊருக்கே ஒன்று இல்லை.

நெடுங்கண்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிந்தது. கிராமமா நகரமா என்று இவ்வளவு நாள் நான் கேட்டுக்கொண்டிருந்தது தவறான கேள்வி. பெயரை மாற்றி மாற்றி நிதிக்கு வழி பார்த்தோம், அதிலும் பாதி நழுவிவிட்டது. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கணக்குக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதை எந்தப் பெயர் மாற்றத்திலும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2022இல் தமிழ்நாடு அரசு நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூட்டம் போட்டால் மட்டும் சபை ஆகிவிடாது. தேதி முன்கூட்டியே தெரிய வேண்டும், கணக்கு வாசிக்க வேண்டும், பேசியது எழுதப்பட வேண்டும். இதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு, வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஊருக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கும் உண்டு.

படிவத்தில் கடைசியில் 'நகர்ப்புறம்' என்றே போட்டேன். அம்மாவிடம் இந்தக் கதையை எல்லாம் ஒருநாள் சொன்னேன். 1884, 1958, 2006 எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சபை என்னைக்குக் கூடுதுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு. நானும் உங்க பெரியம்மா மாதிரி எந்திரிச்சு நின்னு நாலு வார்த்த கேக்கணும்."