நேரடிக் கோப்புப் பரிமாற்றம்

இரண்டு வீட்டுக் கணினிகள், இணையத்தின் தயவோ மூன்றாவதொரு நிலையத்தின் உதவியோ இன்றி, கம்பி மூலமாகவோ வானொலி அலை மூலமாகவோ கோப்புகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும் முறைக்கு நேரடிக் கோப்புப் பரிமாற்றம் என்று பெயர். பழைய கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்கிய குடும்பம், வருஷக்கணக்கில் சேர்ந்துபோன புகைப்படங்களையும் கணக்கு வழக்குகளையும் இடம் மாற்ற நேரும்போதுதான் பெரும்பாலும் இதை நாடுகிறது. நவி மும்பையின் சான்பாடா போன்ற பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கீழ்வீட்டு அண்ணனுக்கும் மேல்வீட்டுத் தம்பிக்கும் இடையே கூட இது சாத்தியமே; செப்புக் கம்பி ஈதர்நெட்டுக்கு விதிக்கப்பட்ட 100 மீட்டர் எல்லை, ஏழு மாடிக் கட்டிடத்தின் தரைக்கும் மொட்டைமாடிக்கும் தாராளமாகப் போதும்.

இரு யந்திரங்களும் சம அந்தஸ்து உடையவை என்பதே இம்முறையின் விசேஷம், சிக்கலும் அதுவே. ஒன்று கொடுக்க இசைந்து காத்திருக்க, மற்றொன்று கேட்டு வாங்க வேண்டும். அந்த உடன்பாடு ஏற்படாதவரை எத்தனை உயர்ந்த கேபிளாலும் பிரயோஜனமில்லை. அனுபவத்தில் காணும் தடங்கல்களில் கம்பியின் குற்றம் சொற்பம், உடன்பாட்டின் குற்றமே அதிகம்.

பிளாப்பித் தகட்டில் பதிந்து கையில் எடுத்துச் செல்வதற்கு மாற்றாக முதலில் வழங்கியது சீரியல் கேபிள். ஒன்றின் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனையில் சேரும்படி குறுக்காக இணைத்த இக்கேபிளை நல்-மோடம் கேபிள் என்பார்கள். இதற்கு வேண்டிய சாமான்களை நாடிச் சான்பாடாவிலிருந்து புறப்படுபவர், ஹார்பர் லைனில் குர்லா வந்து, அங்கிருந்து தாதர் சென்று, மேற்கு ரயிலுக்கு மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி லாமிங்டன் சாலைக்குப் போக வேண்டும். மும்பையின் மின்னணுக் கடைத்தெரு என்று பெயர்பெற்ற சாலை அது. விநாடிக்கு 1,15,200 பிட் என்பது இக்கேபிளின் வழக்கமான உச்ச வேகம். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவுக் குறிகள் உட்பட 10 பிட் செலவாகும் என்று கொண்டால், 1.44 மெகாபைட் பிளாப்பி ஒன்றின் சரக்கு 128 விநாடிகளில் கரை சேரும். விதேஷ் சஞ்சார் நிகம் 15 ஆகஸ்ட் 1995 அன்று மும்பை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிய காலத்தில், 9,600 பிட் மோடத்தில் அதே சரக்குக்கு 25 நிமிஷங்களுக்கு மேல் ஆயிற்று என்பதையும், அத்தனை நேரமும் டெலிபோன் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அடுத்த அறைக்குக் கம்பி இழுத்தவர்களின் விவேகம் விளங்கும்.

1993-இல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸ் 6-இல் இதற்கென்றே இன்டர்சர்வர், இன்டர்லிங்க் என இரு நிரல்கள் இருந்தன. முன்னதை ஓடவிட்ட கணினி, அந்நிரலை நிறுத்தும்வரை வேறு எந்தக் காரியமும் செய்ய இயலாமல் கொடையாளியாகவே நின்றது. பின்னதை ஓடவிட்ட கணினியிலோ அக்கொடையாளியின் வட்டுகள் தன் சொந்த வட்டுகளே போலத் தோன்றின. விண்டோஸ் 95-உம் நேரடிக் கேபிள் இணைப்பைத் தொடங்குமுன், இந்த யந்திரம் வழங்குவதா, பெறுவதா என்றுதான் முதலில் கேட்டது. இத்தகைய உடன்பாட்டைப் பொது விதியாக எழுதியவர் இந்தியர் ஒருவர் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. அலகாபாத்தில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் வெளியிட்ட ஆவணமே எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் மூலம்.

இன்று இரு கணினிகளை ஓர் ஈதர்நெட் கேபிளால் இணைத்தாலே போதும். முன்பு தேவைப்பட்ட குறுக்குக் கேபிளுக்கு, கம்பிகளைத் தானே அறிந்து மாற்றிக்கொள்ளும் கிகாபிட் போர்ட்டுகள் வந்தபின் அவசியமில்லை. முகவரி 169.254 என்று தொடங்கினால் கலங்க வேண்டாம். எண் வழங்க ரௌட்டர் இல்லாத இடத்தில் யந்திரங்கள் தாமே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. ஆனால் அறிமுகமில்லாத இத்தகைய இணைப்பை விண்டோஸ் பொது இடத்து வலையாகக் கருதிக் கதவடைத்துவிடும்; அதைத் தனி வலை என்று மாற்றிய பிறகே பகிர்ந்த கோப்புறை மறுபக்கம் தென்படும். நாள்தோறும் நான்கிலக்க எண்ணைத் தட்டியே உள்ளே போய்ப் பழகியவர்கள், வலைவழி நுழைய அவ்வெண் செல்லாது, மறந்துபோன முழுக் கடவுச்சொல்லே வேண்டும் என்பதை இந்த இடத்தில்தான் கண்டுகொள்கிறார்கள்.

தமிழருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. யூனிகோட் பரவுமுன் தமிழ்க் கோப்பை அனுப்பியவர் அதன் எழுத்துருவையும் உடன் அனுப்பாவிட்டால், பெற்றவருக்குக் கிடைத்தது புரியாத குறிகளின் குவியல். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறிமுறைகளை ஏற்றதும் இக்குழப்பத்தைத் தீர்க்கவே. யூனிகோட் வந்த பின்னும் நுட்பமான வேறுபாடொன்று மிஞ்சியது. ‘பொங்கல்’ என்று பெயரிட்ட கோப்புறையில், ஒகரக் குறியை விண்டோஸ் தட்டச்சு செய்தபடி ஒரே எழுத்தாக வைத்திருக்க, ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையோ அதை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து எழுதிவைத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டு நகலெடுக்கும் நிரலுக்கு வெவ்வேறு. விளைவாக ஒரே பொங்கல் இரண்டு கோப்புறைகளாகப் பெருகும். ‘படங்கள்’ என்று பெயரிட்டவருக்கு இந்தச் சங்கடமே இல்லை!

பரிமாற்றம் முடிந்ததும் பகிர்வை மூடிவிட வேண்டும். விண்டோஸின் பழைய பகிர்வு நெறிமுறையிலிருந்த ஓட்டை வழியாகவும் பரவிய நாச நிரல் ஒன்று 2017 ஜூன் இறுதியில் உலகெங்கும் பல நிறுவனங்களை முடக்கியபோது, நவி மும்பையிலேயே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்கு முனையமும் ஸ்தம்பித்தது. கைபேசிகளிடையே கம்பியின்றிக் கோப்பு அனுப்பப் பிரபலமாயிருந்த ஷேர்இட், செண்டர் ஆகிய செயலிகளை 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது பாதுகாப்பைக் காரணம் காட்டியே.

பழைய வட்டை அழிக்குமுன், கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருப்பதோடு திருப்தியடையலாகாது. இருபுறமும் ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் என்னும் சரிபார்ப்பெண்ணைக் கணித்து ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி. விண்டோஸிலுள்ள சர்ட்யூட்டில் கட்டளையே இதற்குப் போதும்; வேறு நிரல் எதுவும் வேண்டியதில்லை.