ரோமின் சுவடுகள் – 7: இன்னும் ஓடும் அக்ரிப்பாவின் தண்ணீர்

ரோமுக்குப் போகிறவர்கள் ட்ரெவி நீரூற்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலாக நாணயம் வீசினால் மறுபடியும் ரோமுக்கு வரும் பாக்கியம் கிட்டும் என்பது நம்பிக்கை. அங்கே நிமிர்ந்து பார்த்தால் மேலே இரண்டு புடைப்புச் சிற்பங்கள் தெரியும். இடப்பக்கச் சிற்பத்தில் ஒரு தளபதி கால்வாயின் வரைபடத்தைப் பார்வையிடுகிறார். வலப்பக்கத்தில் தாகத்தோடு வந்த படைவீரர்களுக்கு ஓர் இளம்பெண் ஊற்றைச் சுட்டிக்காட்டுகிறாள். நீரூற்றைக் கட்டி முடித்தது 1762-இல். சிற்பங்கள் சொல்லும் கதையோ கி.மு. 19-ஆம் ஆண்டில் நடந்தது.

அந்தத் தளபதி மார்க்கஸ் அக்ரிப்பா, பேரரசர் அகஸ்டஸின் நண்பரும் மருமகனும். அவர் அமைத்த கால்வாய் அக்வா விர்கோ. ட்ரெவிக்கு இன்றும் தண்ணீர் தருவது அந்தக் கால்வாய்தான்.

சென்ற வாரம் ரோமானியச் சாலைகளைப் பார்த்தோம். அவர்களுடைய தண்ணீர் ஏற்பாடு அதைவிட வியப்பானது.

ரோமானியக் கால்வாய் என்றதும் உயர்ந்த வளைவுகள்தான் மனதில் வரும். பிரான்சின் பான் டு கார் பாலம் ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். ஸ்பெயினின் செகோவியாவில் சாந்து இல்லாமலே அடுக்கிய கருங்கற்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் இந்தக் கால்வாய்களின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருந்தது. அக்வா விர்கோவின் நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அதில் 19 கிலோமீட்டர் நிலத்தடியில் போகிறது. நகருக்குக் கிழக்கே சலோனே என்ற சதுப்பான இடத்தில் ஊற்றெடுக்கும் தண்ணீரை, பம்பு எதுவும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பிக் கொண்டுவந்தார்கள். அந்தச் சரிவும் மிகக் குறைவு, மொத்த நீளத்துக்கும் சில மீட்டர்கள்தான்.

இதன் விளைவை ரோமில் உள்ள ஸ்பானியப் படிகளின் அடியில் கண்ணால் பார்க்கலாம். அங்கே பியட்ரோ பெர்னினி 1620-களின் இறுதியில் பார்காச்சியா நீரூற்றை அமைத்தார். விர்கோவின் நீரழுத்தம் அங்கே தண்ணீரை உயரப் பீச்சப் போதவில்லை. அதனால் தரைமட்டத்துக்குக் கீழே தொட்டி கட்டி, அதில் பாதி மூழ்கிய படகு ஒன்றைக் கல்லில் வடித்து, அதன் ஓரங்களில் தண்ணீர் மெல்ல வழியும்படி செய்தார்.

ரோமானியர்களின் மேதைமை கட்டியதோடு நிற்கவில்லை. அக்ரிப்பா கால்வாய்களைப் பராமரிக்கவென்றே 240 அடிமைகள் கொண்ட குழுவை வைத்திருந்தார். அவர் இறந்தபின் அது அகஸ்டஸ் வசம் வந்து பொதுச் சொத்தானது. பின்னர் பேரரசர் கிளாடியஸ் 460 பேர் கொண்ட இன்னொரு குழுவைச் சேர்த்தார். கண்காணிப்பாளர், கல் பதிப்பவர், பூச்சுவேலை செய்பவர் என்று ஆளுக்கொரு வேலை. கி.மு. 11-இல் செனட் ஒரு தீர்மானம் போட்டது. ஊற்றுகளுக்கும் வளைவுகளுக்கும் இருபுறமும் 15 அடி இடம் காலியாக இருக்க வேண்டும், மரம் நடக்கூடாது என்றது, ஏனென்றால் வேர்கள் கட்டுமானத்தைப் பிளந்துவிடும். இரண்டே ஆண்டுகளில் இன்னொரு சட்டம் வந்தது. கால்வாயில் வேண்டுமென்றே துளையிட்டால் ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்கள் அபராதம்.

சட்டம் இருந்தும் திருட்டு நடந்தது. கி.பி. 97-இல் நீர் ஆணையர் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் ஒவ்வொரு கால்வாயையும் தானே அளந்து பார்த்தார். ஒவ்வோர் இணைப்புக்கும் இத்தனை அளவு என்று முத்திரையிட்ட வெண்கலக் குழாய்முனை உண்டு. சில இடங்களில் அனுமதித்ததைவிடப் பெரிய முனைகள் பொருத்தியிருந்தார்கள். தெருக்களின் அடியில் கள்ளக் குழாய்கள் ஓடின. ஊழியர்களே அவற்றின் வழியாகத் தண்ணீரை விற்றார்கள். அவர் அந்தக் குழாய்களைப் பிடுங்கியெறிந்து, எல்லாவற்றையும் நூலாக எழுதி வைத்தார். அந்த நூல் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

கி.பி. 537-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்துகள் கால்வாய்களை உடைத்தார்கள். வறண்டுபோன விர்கோவுக்குள் விளக்கோடு நுழைந்து நகருக்குள் போக வழி தேடியவர்களை, நகரைக் காத்துநின்ற தளபதி பெலிசாரியஸ் உள்ளே எழுப்பியிருந்த சுவர் தடுத்தது. அதன்பின் நகரம் சுருங்கியது. மற்ற பெரிய கால்வாய்கள் ஒவ்வொன்றாகப் பாழாயின. விர்கோ மண்ணுக்குள் இருந்ததால் சேதம் குறைவு. எட்டாம் நூற்றாண்டில் முதலாம் ஹேட்ரியன் என்ற போப் அதைச் செப்பனிட்டார். 1453-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் மறுபடியும் கைவைத்தார். 1570-இல் ஊற்றுவரை முழுமையாகச் சீரமைத்தார்கள்.

2007-இல் ரோமில் நிலத்தடி வாகன நிறுத்துமிடம் கட்டியபோது இந்தக் கால்வாய் அடைபட்டு, பழைய நீரூற்றுகள் சிலவற்றுக்குத் தண்ணீர் வரவில்லை. அகஸ்டஸ் காலத்துக் கால்வாய் அடைபட்டால் இன்றைய மாநகராட்சி ஓடிவந்து சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ரோம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கட்டிய பெருமை அக்ரிப்பாவுக்குச் சேரட்டும். இரண்டாயிரம் ஆண்டு ஓடிய பெருமை, தூர்வாரிய அடிமைகளுக்கும் கொத்தனார்களுக்கும், கணக்கைக் கறாராகப் பார்த்த அதிகாரிகளுக்கும் உரியது. எந்த நாகரிகமும் கட்டியதால் மட்டும் நிலைப்பதில்லை. கட்டியதை வருடம் தவறாமல் பழுதுபார்ப்பவர்களால்தான் நிலைக்கிறது.

(தொடரும்)