வில்லுக்கேற்ற மரம்: விருதுநகர் வட்டாரம்

வேடர்தலைவன் வில்லியின் பெயரால் அமைந்ததாகத் தலபுராணம் சொல்லும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், வில்லுக்கு மிகவும் ஏற்றது கல்மூங்கிலே. வளையும் வில்லின் வெளிமுகம் இழுபடும். வில்லாளியை நோக்கிய உள்முகம் அமுங்கும். மூங்கிலின் வலிய நார்கள் தோலையொட்டி நெருங்கியிருப்பதால், தோல்பக்கம் வெளிமுகமாக நிற்கும்படி பிளந்து, உட்பக்கத்தை மட்டுமே இழைக்க வேண்டும். கரிசல்காட்டுக் கருவேலம் இதைவிடக் கடினமாயிற்றே எனலாம். உண்மைதான், கலப்பைக்கும் வண்டிக்கும் அது உதவியதும் அதனால்தான். ஆனால் வில்லுக்குக் கடினத்தைவிட நேரான நாரோட்டமே முக்கியம். நார் முறுக்கிய இடத்திலும் முடிச்சிலும் இழுக்க இழுக்கக் கீறல் விழும். பச்சை மூங்கிலோ வளைந்தபடியே நின்றுவிடும். நிழலில் நன்றாக உலர்ந்தால்தான் விறைப்பு வரும். மேற்கு மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே மூங்கில் வெட்ட முடியாது. ஆகவே இன்று தோட்டத்து மூங்கிலையே நாட வேண்டும்.