கோடைமலையின் பூக்கணக்கு

மலர் காண்பதற்கென்றே பயணம் மேற்கொள்வது மனிதரின் பழைய வழக்கங்களுள் ஒன்று. மொகலாயப் பேரரசை நிறுவிய பாபர், காபூல் நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் எத்தனை வகைத் துலிப் மலர்கள் பூக்கின்றன என்று எண்ணி வர ஆணையிட்டார். 32 அல்லது 33 வகைகள் தேறின எனத் தம் தன்வரலாற்றில் குறித்தும் வைத்தார். நாடு பிடிக்கும் அவசரத்திற்கு நடுவே பூ எண்ணவும் அவருக்குப் பொழுதிருந்தது. அவருடைய கொள்ளுப்பேரர் ஜஹாங்கீர் 1620-ஆம் ஆண்டின் வசந்தத்தைக் காஷ்மீரில் கழித்தார். அங்குப் பூத்தவற்றுள் நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்தார் என்பது அவ்வரசரே எழுதியுள்ள செய்தி. கிழக்கே ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலர் விரிந்த நாள்களைப் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. மலர் விழா நடந்த நாளை நாட்குறிப்பில் எழுதியவர்களால், பூத்த நாளும் வரலாற்றில் தங்கிவிட்டது.

இவர்கள் யாவரும் தேடியது வசந்தத்தை. தமிழகத்தில் வசந்தம் தேடுவோர் பழனி மலைத்தொடரின்மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த கொடைக்கானலுக்கு ஏறுகின்றனர். சித்திரை வைகாசியில் மதுரையும் திண்டுக்கல்லும் வெந்துகொண்டிருக்க, மேலே ஜகரந்தா மரங்கள் இலை தெரியாமல் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும். 1908-இல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் திட்டமிட்ட பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கே மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடைபெறும். ரோஜாவும் டேலியாவும் வரிசை வரிசையாக அணிவகுத்து நிற்கும். காண இனியவையே, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஜகரந்தா தென்னமெரிக்காவிலிருந்தும் டேலியா மெக்சிகோவிலிருந்தும் வந்தவை. கொடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுத் தாவரங்களுக்கென்றே தாவரவியல் அறிஞர் அருட்தந்தை கே. எம். மாத்யூ 1969-இல் ஒரு தனி நூலை வெளியிட நேர்ந்ததென்றால், அவற்றின் பெருக்கத்தை உணரலாம்.

மலைக்கே உரிய மலர் வேறொன்று உண்டு. அது வசந்தத்தில் பூப்பதில்லை. ஆண்டுதோறும் பூப்பதுமில்லை. தமிழர் தம் மலைநிலம் முழுவதற்கும் பெயராகச் சூட்டிய குறிஞ்சியே அது.

சங்கப் புலவர்கள் இம்மலையை நன்கு அறிந்திருந்தனர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் குடியினர் ஆண்ட பொதினியே இன்றைய பழனி என்பது ஆய்வாளர் துணிபு. புறநானூற்றின் 205-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடியநெடுவேட்டுவன் கோடைமலைக்குத் தலைவன்; அக்கோடைமலை கொடைக்கானல் பகுதியே என்பர். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார், தலைவியின் அன்பைப் பேசுமிடத்துக் கரிய தண்டினையுடைய குறிஞ்சியின் பூவையும் அதிலிருந்து தேனீக்கள் சேர்த்த தேனையும் குறிப்பிடுகிறார். கபிலரோ குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் செல்கையில் குறிஞ்சியையும் ஒன்றாக வைத்துக் கடந்துவிடுகிறார். அதற்கென்று ஓர் அடைமொழிகூடத் தரவில்லை. அவர் காலத்தில் அது அத்தனை எளிதாகக் காணக் கிடைத்த பூவாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை இவ்விரு பாடல்களும் பேசவில்லை.

அக்கணக்கைச் சிறிது விளக்க வேண்டும். குறிஞ்சி இனத்தில் பல சாதிகள் உண்டு. நீலகிரியிலும் மூணாற்றிலும் பழனி மலையிலும் புகழ்பெற்றது, சோலைக் காடுகளுக்கு வெளியே திறந்த புல்வெளியில் வளரும் குறுஞ்செடி. பதினோர் ஆண்டுகள் அது புல்லோடு புல்லாக நிற்கும். பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு மலைச்சரிவின் செடிகளனைத்தும் சேர்ந்தே பூக்கும். ஆவணி புரட்டாசியாகிய கார்காலத்தில் நிறம் ஏறிக் கூதிர்க் காலத்தில் வடியும். பூத்தவை விதை தந்து மடிந்துவிடும். அடுத்த தலைமுறை விதையிலிருந்துதான் எழ வேண்டும். ஏன் இப்படிச் சொல்லி வைத்தாற்போலப் பூக்கின்றன? ஒரே காலத்தில் கணக்கற்ற விதைகள் கொட்டினால் பூச்சியும் பறவையும் தின்றது போக எஞ்சியவை முளைக்கும் என்பது அறிவியலார் கூறும் காரணங்களுள் ஒன்று. இம்மலைவாழ் பளியரும் மூணாற்றுப் பக்கத்து முதுவரும் தம் வயதைக் குறிஞ்சி பூத்த முறைகளால் எண்ணுவர் எனச் சொல்லப்படுகிறது. ஐந்து பூ கண்டவர் என்றால் அறுபதை ஒட்டியவர்.

மேலைத் தாவரவியலார் வந்தபின் இப்பூவுக்கு எழுத்துச் சான்றும் கிடைத்தது. 1838-இல் தொடங்கி 2018 வரை 16 பூப்புகள் கணக்கில் உள்ளன. பளியரின் அளவுகோலைக் கொண்டே கொடைக்கானலின் வரலாற்றை அளந்து பார்க்கலாம்.

முதற் பூப்புக்கு முன்பே மலை கைமாறியிருந்தது. 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி பௌஜ்தாராக அமர்ந்த திண்டுக்கல் சீமையை, 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் கும்பினியாருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அடிவாரத்து விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். எதிர்ப்பு அடங்கிய இருபது ஆண்டுகளில் நில அளவைக்காரர் வந்தார்: 1821-இல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளந்தார். 1834-இல் மதுரைத் துணை ஆட்சியர் ரௌட்டன் என்பாரும் வருவாய் வாரிய உறுப்பினர் காட்டன் என்பாரும் பெரியகுளத்திலிருந்து ஏறிச் செண்பகனூரில் ஒரு வீடு கட்டினர். 1836-இல் தாவரவியலார் ராபர்ட் வைட் வந்து செடிகளைத் திரட்டிச் சென்றார். 1838-இல் குறிஞ்சி பூத்தபோது ஏரியில்லை, சாலையில்லை, இன்றைய ஊரே இல்லை. பூம்பாறை போன்ற பழங்குடிகளின் ஊர்களும் புல்வெளியும் சோலையும் மட்டுமே இருந்தன.

1850-இன் பூப்பைப் பார்த்தவர்களுள் அமெரிக்கப் பாதிரிமாரும் இருந்திருப்பர். மதுரைச் சமவெளியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தம் குடும்பத்தினரைப் பலி கொடுத்த அவர்கள், முதலில் சிறுமலையை நாடி, அங்கும் காய்ச்சல் தொடரவே, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினர். நோய்க்கு அஞ்சி ஓடிவந்தோரின் புகலிடமாகவே இவ்வூர் பிறந்தது. இன்பச் சுற்றுலா பின்னாளில் வந்தது.

1862-இன் பூ வாடி ஓராண்டில், மதுரை ஆட்சியராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பான பள்ளத்தில் ஓடிய ஓடையை மறித்து ஏரியாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர்ப் பரப்புள்ள, நட்சத்திரம் போன்ற கரைகளையுடைய அவ்வேரியை இயற்கையின் படைப்பென்று எண்ணுவோர் இன்றும் பலர். வெள்ளி அருவியில் விழுவதும் அதன் மிகுநீரே. 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் பள்ளத்தாக்கின் விளிம்பில் நடைபாதை அமைத்தார். 1875-இல் அம்மையநாயக்கனூர் வழியாக இரயில் ஓடத் தொடங்கியது. அந்நிலையமே பின்னர்க் கொடைக்கானல் ரோடு எனப் பெயர் பெற்றது. இரயிலை விட்டிறங்கியோர் மாட்டு வண்டியில் அடிவாரம் வந்து, குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோ மேலேறினர். தூக்கியவர்களின் பெயரை எந்த வழிகாட்டி நூலும் எழுதி வைக்கவில்லை.

1886, 1898 ஆகிய பூப்புகளுக்கிடையே 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் கல்லூரி எழுந்தது. சென்னையிலிருந்து மாற்றப்பட்ட வானாய்வகம் 1901-இல் சூரியனைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். 1914-இல் வத்தலக்குண்டுவிலிருந்து வரும் சாலை முடிந்தது. 1915 முதல் 1920 வரை பேராசிரியர் பைசன் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றின் படங்களை வரைந்தோருள் லேடி பௌர்ன் ஒருவர். ஜஹாங்கீருக்கு மன்சூர் செய்ததைப் பழனி மலைக்கு இவ்வம்மையார் செய்தார் எனலாம். 1934-இல் பூத்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936-இல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் எழுந்தது. கட்டியவர் இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரான, ஆஸ்திரேலியாவில் பிறந்த லீலாவதி அம்மையார். மலையின் பூவை மலையின் தெய்வத்தோடு சேர்த்துப் பெயரிட ஓர் அயல்நாட்டுப் பெண்மணி வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னவற்றால் குறிஞ்சிக்குப் பெருந்தீங்கு நேரவில்லை. ஏரியும் வீடுகளும் சிறிதளவு நிலத்தையே கொண்டன. தீங்கு வந்தது மரத்தால்.

புல்வெளியை வெள்ளையர் வெற்று நிலமென்றே கணக்கில் எழுதினர். விடுதலைக்குப் பின் நம்மவரும் அவ்வாறே எண்ணினர். மரமில்லாத மலை வீண் என்பது இரு அரசுகளுக்கும் பொதுவான கருத்து. ஆகவே ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரமும் யூகலிப்டஸும், அவற்றோடு பைனும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. வாட்டில் நட்டதில் தோல் தொழிலுக்கும் பங்குண்டு. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களின் தோல் மண்டிகள் நம் வாசகருள் சிலருக்குக் குடும்பத் தொழில். முன்னர் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டவர்கள் பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டைக்கு மாறினர். அப்பட்டையை உள்நாட்டிலேயே விளைவிக்கலாம் என்ற திட்டத்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாட்டில் தோட்டங்கள் பெருகின. மரக்கூழ் வேண்டிய ஆலைகளுக்கும் அவை பயன்பட்டன. திட்டமிட்டோர் தீயோர் அல்லர். அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தும் நற்செயலாகவே அதனைக் கருதினர். ஆயின் வாட்டில் வெட்ட வெட்டத் தழைப்பது. அதன் விதை மண்ணில் நெடுங்காலம் கிடந்து முளைப்பது. தோட்ட எல்லையைத் தாண்டிப் புல்வெளியில் புகுந்தது. நிழலில் குறிஞ்சி வாழாது.

2018-இல் வெளியான ஆய்வொன்று, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்ததெனக் காட்டிற்று. தோட்ட மரங்களும் வேளாண்மையுமே காரணம். பூவின் கணக்கில் சொன்னால் 1970-இல் பூத்த குறிஞ்சியின் எள்ளுப்பேரர் தலைமுறை பூப்பதற்குள் இது நிகழ்ந்துவிட்டது. இழப்பு பூவோடு நிற்கவில்லை. மழைநீரைப் பஞ்சுபோல் ஏந்திக் கோடையிலும் கசியவிடுவது புல்வெளியும் சோலையும் சேர்ந்த அமைப்பு. வராகநதியும் மஞ்சளாறும் மருதாநதியும் சண்முகாநதியும் பிறப்பது இம்மலையில்தான். வேடிக்கை என்னவெனில், நட்டு வளர்த்த பைன் காடு இன்று கொடைக்கானலின் இயற்கைக் காட்சிகளுள் ஒன்று. அங்கே படம் பிடித்துக்கொள்ளாமல் இறங்குவோர் குறைவு.

மறுபக்கமும் உண்டு. 1985-இல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தோன்றியது. 2006-இன் பூப்பை ஒட்டி மத்திய அரசு குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் கேரள அரசு வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக்கியது. நம் பக்கத்தில் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வாட்டிலை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. மெதுவான பணி, வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் நாற்றுப் பிடுங்க வேண்டும்.

2018-இல் பூ காண வந்தோருள் சிலர் கை நிறையப் பறித்துக்கொண்டும் சென்றனர். விதையாக வேண்டிய பூ அது. பறித்த கைகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ரோஜாவைப் பறித்தால் செடி மறுபடி பூக்கும் என்பதே அவர்கள் பூங்காவில் கண்ட பாடம்.

அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. காண விரும்புவோர் மே மாதத்தை விட்டுவிட்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மழைநாள்களில் வர வேண்டும். மூடுபனியும் அட்டைக்கடியும் உடன் உண்டு. ஊருக்குள் தேடுவதைவிட மேற்கே, கேரள எல்லையை நோக்கி மன்னவனூரையும் கிளாவரையையும் சார்ந்த சரிவுகளில் நிற்கும் புல்வெளிகளைத் தேடுவது நலம். பேரிஜம் பகுதிக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். 2018-இல் உதிர்ந்த விதையிலிருந்து முளைத்த செடிகள் இப்பொழுது அங்கே முழங்காலளவுக்குள் நிற்கின்றன. பூவில்லாத குறிஞ்சியைப் பார்த்தவுடன் இன்னதென்று சொல்லக்கூடியவர் மலையிலும் சிலரே. விடுதி கட்டவோ வேலி போடவோ நிலம் திருத்துவோர் அதைக் களையென்றே வெட்டுகின்றனர்.