குப்பிக்குள் போன கிராம்பு

கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பேருந்து குமுளியில் நிற்கும்போது கண்ணுக்கு முன்னால் மூக்குதான் ஊரைக் கண்டுபிடிக்கும். கேரள எல்லையைக் கடந்து தேக்கடிச் சாலையில் நடந்தால் இருபுறமும் மசாலாக் கடைகள். ஏலமும் மிளகும் சாக்கில். கண்ணாடி அலமாரியில் யூகலிப்டஸ் தைலம், புல்தைலம், நடுவே விரல் உயரக் குப்பியில் கிராம்புத் தைலம். "பல்வலின்னா ஒரு சொட்டு போதும்ணே" என்பார் கடைக்காரர். அந்தச் சொட்டை எங்கே வைப்பது, எதில் கலப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கெல்லாம் வியாபார நேரத்தில் இடமில்லை.

பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. கிராம்புக்கு இலவங்கம் என்றும் பெயர். ஆனால் இலவங்கப்பட்டை வேறு மரத்தின் பட்டை. குழம்பில் இரண்டும் சேர்ந்தே விழுவதால் யாருக்கும் நட்டமில்லை. தைலம் வாங்கும்போது அப்படியில்லை. பட்டைத் தைலமும் வாயின் மெல்லிய தோலைப் பொசுக்கக் கூடியது. யாழ்ப்பாணத்தார் 'கராம்பு' என்று சொல்லி இந்தக் குழப்பத்திலிருந்து தப்பித்துக்கொண்டார்கள்.

ஏலமும் மிளகும் இந்த மலைகளின் சொந்தப் பிள்ளைகள். கிராம்பு வந்து சேர்ந்த பிள்ளை. அதன் பிறந்த ஊர் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். சீனாவின் ஹான் அரசவையில் பேரரசரோடு பேசுமுன் அதிகாரிகள் வாயில் கிராம்பை அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அந்த மணத்தின் வணிகம் தங்கள் கையிலேயே இருக்க, 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அம்போன் தீவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர மற்ற இடங்களில் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். விலை இறங்காமல் இருக்க வேண்டுமே! 1770இல் பிரெஞ்சுக்காரரான பியர் புவாவ்ர் ஏற்பாட்டில் நாற்றுகள் மொரீசியஸ் போய்ச் சேர்ந்தபிறகு அந்தக் கட்டு உடைந்தது.

தமிழ் மண்ணுக்கு மரம் வந்தது 1800 வாக்கில். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைத் தோட்டத்தில்தான் முதல் மரங்கள் வளர்ந்தன. அங்கிருந்து நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் பரவியது. இன்றும் நாட்டில் கிராம்புக்குப் பேர்போனது கன்னியாகுமரி மாவட்டம். அதன் கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. இடுக்கியிலும் விளைகிறது. ஆனாலும் உள்நாட்டு விளைச்சல் நம் தேவைக்குப் போதாது. இலங்கை, மடகாஸ்கர் என்று கப்பலில் வருவதும் சேர்ந்துதான் கடைக்குப் போகிறது. குமுளியில் வாங்கியது குமுளியில் விளைந்ததுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

1937இல் கிராம்பு அரசியலும் பேசியது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் கிராம்பு வணிகத்தைக் காலனி அரசு இந்திய வியாபாரிகளின் கையிலிருந்து பிடுங்கும் சட்டம் போட, காங்கிரஸ் ஆதரவோடு இந்தியாவில் சான்சிபார் கிராம்புக்குப் புறக்கணிப்பு நடந்தது. 1938இல் உடன்பாடு வந்தபிறகே மறுபடி இறக்குமதியானது.

இத்தனை காலமும் பல்வலிக்காரர் செய்தது ஒன்றுதான்: வலிக்கும் பல்லில் ஒரு கிராம்பை வைத்துக் கடிப்பது. மொட்டுக்குள் இருக்கும் யூஜினால் என்ற பொருள் கிருமியை அடக்கும், நரம்பை மரக்கச் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் பல் மருத்துவர்கள் கிராம்புத் தைலத்தைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல் குழியை அடைத்தார்கள். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அடிக்கும் வாசனை அந்தக் குழம்பினுடையதே.

கடிப்பதற்கும் குப்பிக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த கிராம்பு எண்ணிக்கையில் கிலோவுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று தாராளமாக வைத்தாலும், 5 மில்லி தைலத்துக்கு 250 கிராம்பாவது வேண்டும். ஒரே வாயில் 250 கிராம்பைக் கடித்தவர் யாரும் இல்லை. குப்பியைச் சாய்ப்பதோ ஒரு நொடி வேலை.

அந்த நொடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மருத்துவ இதழ்களில் சாட்சி உண்டு. 1993இல் பிரிட்டனிலிருந்து வெளியான அறிக்கை ஒன்று, 5 முதல் 10 மில்லி வரை குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றியது. நினைவிழப்பு, வலிப்பு, ரத்தம் உறையாமை, ஈரல் பாதிப்பு எல்லாம் வந்து, மருத்துவர்கள் போராடி மீட்டார்கள். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு யூஜினாலுக்கு விதித்த நாள் வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 25 மில்லிகிராம். 5 மில்லி தைலத்தில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது.

தோலும் தப்பவில்லை. 1983இல் லான்செட் இதழில் வந்த சம்பவம்: பல்வலிக்குத் தைலம் எடுத்த இளம்பெண்ணின் முகத்தில் அது சிந்தியது, அந்த இடத்தில் உணர்ச்சியும் வியர்வையும் நிரந்தரமாகப் போயின. வலியை மரக்கச் செய்த குணமே வேலை முடிந்தும் விலக மறுத்துவிட்டது. சிலருக்கு யூஜினால் ஒவ்வாமையும் தரும். ஆகவே சிராய்ப்பிலும் கட்டியிலும் தைலத்தை அப்படியே பூசுவது கிருமிநாசினிப் பிரயோகம் ஆகாது.

எப்படித்தான் வைப்பது? தேங்காய் எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டுக் கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, பல் குழியில் மட்டும் ஒற்ற வேண்டும். ஈறில் படக் கூடாது. பட்டால் வெந்து வெளுக்கும். விழுங்கக் கூடாது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். குப்பியை அலமாரியின் உயரத் தட்டில், சமையல் எண்ணெய்க்குப் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் தைலத்தை நம்பி நாள் கடத்தக் கூடாது, சீழ் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு ராத்திரியைத் தள்ள வேண்டிய பெரியவர்களுக்குப் பழைய வழியே போதும்: ஒரே ஒரு கிராம்பு. அதிலும் ஏமாற்று உண்டு. ஆலையில் எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பு நல்ல சரக்கோடு கலந்து வருகிறது. அவசரப் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் காம்பை நகத்தால் அழுத்தினால் நல்லதில் எண்ணெய் கசியும். சக்கையில் நகத்தின் தடம்தான் விழும்.