சிப்பாய்களின் கதை: எண்பது ஆண்டு மௌனம்

சென்ற வாரம் வரை தளபதிகளைப் பார்த்தோம். இந்த வாரம் ஒரு பிளம்பர்.

இங்கிலாந்தின் பாத் நகரை ஒட்டிய கூம் டவுன் கிராமத்தில் 1898இல் பிறந்தவர் ஹாரி பேட்ச். முதல் உலகப் போருக்குப் போகும் ஆசை அவருக்குத் துளியும் இல்லை. பட்டாளத்தில் இருந்த அண்ணன் மோன்ஸ் சண்டையில் காயப்பட்டுத் திரும்பி, பதுங்குகுழி வாழ்க்கையைப் புட்டுப்புட்டு வைத்திருந்தார். ஆனால் 1916இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டது. தொழில் பழகிக்கொண்டிருந்த பையனையும் அது விடவில்லை.

1917 கோடையில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் அவரை இறக்கினார்கள். பாஷன்டேல் என்று சரித்திரத்தில் இடம்பிடித்த அந்தச் சண்டை ஜூலை 31இல் தொடங்கியது. ஆகஸ்ட் மழையில் நிலமெல்லாம் சேறாயிற்று. குண்டு தோண்டிய பள்ளங்களில் விழுந்தவர்கள் மூழ்கியே செத்தார்கள்.

ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்கு ஐந்து பேர். சுடுபவருக்குப் பக்கத்தில் இருந்து 47 தோட்டாக்கள் கொண்ட வட்டத் தட்டுகளை மாற்றிப் போடுவது ஹாரியின் வேலை. அந்த ஐவருக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது: முடிந்தவரை யாரையும் கொல்வதில்லை, காலைப் பார்த்தே சுடுவது. மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஆகஸ்ட் 16, லாங்கமார்க் தாக்குதல். தோளிலிருந்து இடுப்பு வரை பிளந்து கிடந்த சக சிப்பாய் ஒருவன், தன்னைச் சுட்டுவிடும்படி ஹாரியிடம் கெஞ்சினான். கைத்துப்பாக்கியை எடுப்பதற்குள், அம்மாவைக் கூப்பிட்டபடியே உயிர் போய்விட்டது. சற்று நேரத்தில் ஒரு ஜெர்மானியன் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்து வந்தான். யோசிக்கச் சில நொடிகள்தான். ஹாரி முதலில் அவன் தோளில் சுட்டார், பிறகு காலில். அவனைக் கொல்லாமல் விட்டுவிட்டார். பத்தொன்பது வயதுப் பையன், தன்னைக் கொல்ல வருகிறவன்முன் நின்று, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். இந்தத் தொடரில் இதுவரை சொன்ன எந்த வெற்றியையும்விட இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

செப்டம்பர் 22 இரவு, முன்னணியிலிருந்து பின்வாங்கி வரும் வழியில் தலைக்கு மேலே ஒரு குண்டு வெடித்தது. ஐவரில் மூவர் போனார்கள். ஹாரியின் அடிவயிற்றில் பாய்ந்த சில்லை, மயக்கமருந்து தராமலே, நாலு பேர் பிடித்துக்கொள்ள டாக்டர் எடுத்தார். அத்தோடு அவருடைய போர் முடிந்தது. மொத்தமே சில மாதங்கள்.

ஊருக்குத் திரும்பிக் குழாய் வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளை வளர்த்தார். இரண்டாம் உலகப் போரில் பாத் நகரம் குண்டுகளால் எரிந்தபோது தீயணைப்பு வீரராக நின்றார். பழைய போரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை, கட்டிய மனைவியிடம்கூட. 1998இல், நூறு வயதில், பிபிசிக்காரர்கள் தேடி வந்தபோதுதான் பேசினார். முதியோர் இல்லத்தில் அறைக்கு எதிரே விளக்கு பளிச்சென்று எரிந்தால்கூட அந்தக் குண்டு திரும்பவும் வெடிக்கும் என்றார். நாடே நவம்பர் 11ஐ நினைவு நாளாக அனுசரிக்க, அவருக்கு அந்த நாள் செப்டம்பர் 22தான்.

2004இல், ஜெர்மன் படையில் போரிட்ட சார்ல்ஸ் குன்ட்ஸைச் சந்தித்துக் கைகுலுக்கினார். 2009 ஜூலை 25இல், 111 வயதில் இறந்தார். வெல்ஸ் பேராலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஆயுதம் எதுவும், சடங்குக்கான வாள்கூட, இருக்கக் கூடாது என்பது அவர் சொல்லிவைத்த நிபந்தனை. சவப்பெட்டியோடு பெல்ஜிய, பிரெஞ்சு, ஜெர்மன் சிப்பாய்கள் வெறுங்கையோடு நடந்தார்கள்.

(தொடரும்)