தங்கவயலும் தங்கம் தேடும் கருவியும்

பாகாயத்தில் இரண்டு நாளாக நல்ல மழை. மின்சாரம் வந்து வந்து போகிறது. அதனால் இந்தப் பதிவைத் துண்டு துண்டாகத்தான் எழுதினேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு மாணவன் போன் செய்தான். பெயர் வேண்டாம், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. "சார், எங்க கம்பெனியில ஒவ்வொரு ஷூவையும் மெட்டல் டிடெக்டர்ல விட்டுத்தான் பெட்டியில போடுவோம். தையல் ஊசி உடைஞ்சு துளி உள்ளே இருந்தாலும் கத்திடும். அதே மாதிரி கையில பிடிக்கிற மெஷின் ஆன்லைன்ல வருது. தங்கவயல்ல சைனைடு மண் மலைமலையா கிடக்குதே, வெள்ளைக்காரன் விட்டுப்போன தங்கத்தை அதுல கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டான். அவனும் மச்சானும் சேர்ந்து வாங்கப் போகிறார்களாம். பணத்துக்கு மனைவியின் வளையலை அடகு வைப்பதாகப் பேச்சு. போனில் சுருக்கமாக "வாங்காதே" என்றேன். ஏன் என்று இங்கே எழுதுகிறேன். இதே யோசனை வேறு சிலருக்கும் இருக்கலாம்.

நம் வட ஆற்காட்டுக் குடும்பங்களில் தங்கவயலுக்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. என் தாத்தாவின் தம்பி காட்பாடியில் ரயிலேறிப் போனவர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். வெட்டி எடுத்தவர் கையில் தங்கமாக எதையும் அவர் பார்த்ததில்லை என்று வீட்டில் சொல்வார்கள். வெள்ளைக் கல்லைத்தான் பார்த்தாராம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை லெப்டினன்ட் மைசூர் எல்லையை அளக்க வந்தார். இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் பக்கத்து ஜனங்கள் மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். சுமார் 56 கிலோ மண்ணை அலசினால் ஒரு கிரெயின் தங்கம் என்று அவர் கணக்கு எழுதினார். கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் கணக்கில் அரைக் குன்றிமணி எடை. ஒரு டன் மண்ணுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே வருகிறது.

பிறகு பல வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1871இல் நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வு பெற்ற லவல் என்ற சிப்பாய் வாரனின் குறிப்பைப் படித்துவிட்டு வந்தார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி நுழைந்தது. அதே காலத்தில் நம் நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர், தேவாலா பக்கமும் லண்டன் பணம் வந்து கொட்டியது. ஆஸ்திரேலியாவில் சுரங்க அனுபவம் பெற்ற பிரஃப் ஸ்மித் கொடுத்த அறிக்கையை நம்பிக் கம்பெனிகள் முளைத்தன, இரண்டு மூன்று வருடத்தில் படுத்தும் விட்டன. கோலார் மட்டும் நிலைத்தது.

கோலாரில் தங்கம் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். கட்டியாக இல்லை. வெண்கல் நரம்புகளுக்குள் கண்ணுக்கே தெரியாத பொடியாக இருந்தது. கல்லை இடித்து மாவாக்கி, பாதரசம் பூசிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிடுவார்கள். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். பிடிபடாமல் சேற்றோடு போனது ஏராளம். அதைப் பிடிக்க உண்மையான வழி 1887இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கிடைத்தது. மெக்கார்தர் என்ற வேதியியலாளரும் ஃபாரஸ்ட் என்ற இரண்டு மருத்துவ சகோதரர்களும் சயனைடு கரைசலில் தங்கம் கரையும் என்பதைத் தொழிலாக்கினார்கள். சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் தங்கம் அதில் கரைகிறது. பிறகு துத்தநாகத்தைப் போட்டால் தங்கம் பிரிந்து படிந்துவிடும். விட்டுப்போன தங்கத்தைத் தேடும் கருவி என்று தங்கவயலில் ஒன்று இருந்தது என்றால் அது இந்தக் கரைசல்தான். சயனைடில் ஊறிய மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டித்தான் அந்த மலைகள் உண்டாயின.

இப்போது மெட்டல் டிடெக்டருக்கு வருவோம். நான் வகுப்பில் காந்தமும் கம்பிச்சுருளும் வைத்துக் காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். கருவியின் அடியில் உள்ள வட்டத்தில் ஒரு கம்பிச்சுருள். அதில் மாறிமாறி மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அந்த ஓட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் கருவி உணர்ந்து சத்தம் போடுகிறது. ஷூவுக்குள் இருக்கும் ஊசி இரும்பு, காந்தத்துக்கு மசியும் உலோகம், கருவிக்கு ஓரிரு அங்குல தூரத்தில் போகிறது. அதனால் துளியும் சிக்குகிறது. தங்கத்தில் சுழல் மின்னோட்டம் ஓட இடம் வேண்டும். துணுக்கு சிறியதாகச் சிறியதாக அந்த ஓட்டமும் சிறுத்துப்போகும். மாவாக அரைத்துப் பல டன் மண்ணில் தூவிவிட்ட தங்கம் இந்தக் கருவிக்கு இல்லாத தங்கம்தான். அந்த மண்மேட்டில் அது கத்தினால் பழைய ஆணியோ தகரமோ இருக்கும்.

இந்தக் கருவியின் பிறப்பிலேயே ஒரு சோகம் உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடலில் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டு ஓடினார். கட்டில் மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள். மருத்துவரோ உடம்பின் வலப்பக்கம் மட்டும்தான் தேட விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். கருவி எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

"அப்படியானால் ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படிக் கிடைக்கிறது?" என்று மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கே விக்டோரியா மாகாணத்தில் தங்கம் கட்டிகளாக மேல்மண்ணிலேயே கிடந்தது. 1869இல் மோலியாகுல் என்ற இடத்தில் 70 கிலோவுக்கும் மேலான கட்டி, மர வேரருகே சில அங்குல ஆழத்தில் அகப்பட்டது. 1851 முதல் ஆயிரக்கணக்கானவர்கள் கடப்பாறையும் தட்டுமாக அலைந்தும், ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் தப்பியது நிறைய. அதைத்தான் டிடெக்டர் பிடித்தது. 1980இல் கிங்கோவர் என்ற பழைய தங்க ஊரில் கெவின் ஹில்லியர் என்பவர் டிடெக்டரால் 27 கிலோ கட்டியைக் கண்டெடுத்தார். மண்ணின் குணம் வேறு, பிழைப்பும் வேறு. வீடியோவில் அந்த ஊரைக் காட்டி இந்த ஊரில் கருவி விற்கிறார்கள்.

சட்டமும் பார்த்துக்கொள்ளுங்கள். 1957ஆம் வருடச் சட்டப்படி அனுமதி இல்லாமல் யாரும் கனிமம் தேடக் கூடாது. மண்ணில் பழைய காசு, நகை கிடைத்து மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878ஆம் வருடப் புதையல் சட்டம், அந்தப் பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது! நம் வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அந்தப் பக்கம் கருவியோடு போவதை நினைக்கவே வேண்டாம்.

120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மிச்சம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இருப்பதாக மதிப்பீடு. வாரன் கண்ணெதிரே ஜனங்கள் அலசி எடுத்த அளவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய தூரம் இல்லை. ஆகவே மாணவனின் ஆசை முட்டாள்தனம் அல்ல, தங்கம் இருக்கத்தான் இருக்கிறது. 2024 ஜூனில் 13 மண்மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அது பெரிய ஆலை, ரசாயனம், லட்சக்கணக்கான டன் என்று போகும் வேலை. ஒரு கிராமுக்கு ஒரு டன்னுக்கும் மேல் மண்ணைக் கரைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரு வளையலும் போதாது.

இன்னொன்று. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் பறந்து வீட்டுக்குள், சோற்றுக்குள் விழுகிறது என்று அங்கே இருக்கும் நம் ஜனங்கள் எத்தனையோ வருடமாகச் சொல்கிறார்கள். சுரங்கத்தில் கல்தூசி சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். மூடிய குழிகளுக்குள் திருட்டுத்தனமாக இறங்கி உயிர்விட்டவர்களும் உண்டு. தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் மண்வெட்டியோடு போகாதீர்கள்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாக்களின் சுரங்க டோக்கன், சம்பளச் சீட்டு, விளக்கு ஏதாவது யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் போட்டோ எடுத்து கமென்டில் போடுங்கள். எந்தச் சுரங்கம், எந்த வருடம் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். சின்னத் தாத்தாவின் டோக்கன் எண் என்னிடம் இல்லை. குடியாத்தம் அத்தை வீட்டில் இருக்கலாம், யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.